கையைப் பார்த்தால் சம்பந்தம் தவறிவிடுமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, என் மகளுக்கு 23 வயது. பதின்மூன்று வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய். தினமும் நான்கு முறை இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். லோக்கல் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறாள். நோய் விவரம் பொறித்த கைச்சங்கிலி ஒன்றை அணியச் சொன்னார் டாக்டர். வாங்கியும் ஆயிற்று, பீரோவில் கிடக்கிறது. வரன் பார்க்கும் நேரத்தில் நோயைக் கையில் எழுதிக்கொண்டு திரிய வேண்டுமா என்கிறார் என் மாமியார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. போனில் பதிந்து வைத்தால் போதாதா?
- ஒரு தாய், முலுண்ட், மும்பை

பதில்: அன்புத் தங்கைக்கு, இதை எழுதும்போது என் இடது மணிக்கட்டிலும் அதே சங்கிலிதான் கிடக்கிறது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய எவர்சில்வர் தகடு. ஒரு பக்கம் பாம்பு சுற்றிய கோல். அதன் சிவப்பு மை பாதி உதிர்ந்துவிட்டது. மறுபக்கம் நான்கு வரி. பாத்திரம் தேய்த்துத் தேய்த்துத் தகடெல்லாம் கீறல், ஆனாலும் வெட்டிய எழுத்து அப்படியே இருக்கிறது.

அது இல்லாத காலத்தில் குர்லாவில் ஒரு நாள். செம்பூரில் ஹார்பர் லைனில் ஏறி, குர்லாவில் வண்டி மாற மேம்பாலப் படி ஏறினேன். காலையில் ஊசி போட்டுக்கொண்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்திருந்தேன். வியர்த்துக் கொட்டியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூடிய பெண்கள் எல்லோரும் நல்லவர்கள். ஒருவர் விசிறினார், ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார், இன்னொருவர் வலிப்பென்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். என் கைப்பைக்குள் குளுக்கோஸ் பொடி இருந்தது. அதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. குடித்திருக்கிறாளோ என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்தால் முதலில் தடுமாறுவது மூளை. பேச்சு குழறும், கண் செருகும், பார்ப்பவர்களுக்குக் குடிபோதை போலவே இருக்கும். வீட்டில் எழுந்து பார்த்தபோது அந்த அவமானம்தான் உடம்பு வலியைவிட அதிகம் வலித்தது.

சில வருடம் கழித்து வடாலாவில் அதே கதை. இம்முறை கையில் சங்கிலி இருந்தது. கல்லூரிப் பெண் ஒருத்தி என் கையைத் திருப்பிப் படித்துவிட்டு, "ஆன்ட்டி, சுகர் ஹை க்யா?" என்று இந்தியில் கேட்டாள், சர்க்கரை நோயா என்று. தலையாட்டினேன். பையைத் திறந்து பொடியைக் கரைத்துக் கொடுத்துவிட்டாள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

போனிலும் பதிந்து வையுங்கள், நல்லதுதான். பூட்டிய திரையிலேயே அவசர விவரம் தெரியும்படி வைக்கலாம். ஆனால் விழுந்தவள் ஓரிடம், பை ஓரிடம் என்று ஆகிவிடுவது நம் ரயிலில் புதிதா? நாடி பார்க்க யார் வந்தாலும் முதலில் தொடுவது மணிக்கட்டைத்தான்.

தகட்டில் பெயர், டைப் 1 டயாபடிஸ், இன்சுலின், ஏதாவது மருந்து ஒவ்வாது என்றால் அது, வீட்டார் இருவரின் போன் எண், இவை போதும். இன்சுலின் அளவு வேண்டாம், அது மாறிக்கொண்டே இருக்கும். வீட்டு முகவரியும் வேண்டாம், தனியாகப் போகிற பெண். எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருக்கட்டும். 108 ஆம்புலன்ஸில் வருபவர் படிக்க வேண்டும். வெறும் தகடாக வாங்கியிருந்தால் பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவரே வெட்டித் தருவார். என்னுடையது மாட்டுங்காவில் அப்படி வெட்டியதுதான்.

இன்னொன்றையும் கூட வேலை செய்பவர்களிடம் மகள் சொல்லி வைக்கட்டும். நினைவிருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துச் சோதிக்க வேண்டும். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிதான்.

இனி வரன் விஷயம். நான்கு வேளை ஊசியை எத்தனை நாள் ஒளிக்க முடியும்? புகுந்த வீட்டில் ஒளிந்து ஊசி போடுகிறவள் ஒரு வேளை தவறவிடுவாள், அல்லது போட்டுவிட்டுச் சாப்பிடத் தாமதிப்பாள். இரண்டுமே உயிருக்கு ஆபத்து. என்னைப் பெண் பார்க்க வந்தபோது காபித் தட்டு வருவதற்கு முன்பே என் அப்பா சொல்லிவிட்டார். இரண்டு வீட்டார் காபி குடித்துவிட்டுப் போனவர்கள்தான். மூன்றாவதாக வந்தவர் என் மாமியார், பாளையங்கோட்டைக்காரர். கல்யாணமான முதல் வாரமே ஊசி போடக் கற்றுக்கொண்டார். பூஜை மாடத்தில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் எனக்காக ஒரு சம்புடம் சர்க்கரை வைத்தார். அவர் காலமான பிறகும் அந்தச் சம்புடம் அங்கேயே இருக்கிறது.

இந்தச் சங்கிலியின் தொடக்கமும் ஒரு மகள்தான். 1953இல் கலிபோர்னியாவில் லிண்டா காலின்ஸ் என்ற பெண் விரலை வெட்டிக்கொண்டாள். டெட்டனஸ் தடுப்பு மருந்து ஒவ்வாமல் சாகக் கிடந்து பிழைத்தாள். மருத்துவரான அவள் அப்பா, ஒவ்வாமையைப் பொறித்து அவளுக்கு ஒரு கைச்சங்கிலி செய்வித்தார். இத்தகைய சங்கிலிகளை வழங்கும் மெடிக்அலர்ட் அறக்கட்டளை 1956இல் அதிலிருந்து பிறந்தது. பீரோவைத் திறந்து உங்கள் கையாலேயே மகளுக்குப் பூட்டி விடுங்கள், தங்கையே.

கேள்வி: இதய வால்வு மாற்றி வார்ஃபரின் சாப்பிடும் என் கணவருக்கும் இது தேவையா?
- ஒரு வாசகி, மாட்டுங்கா

பதில்: கட்டாயம் தேவை. வார்ஃபரின் ரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்து. அதைச் சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடிபட்டால் ரத்தம் எளிதில் உறையாது. அதை டாக்டர் முதல் நிமிடத்திலேயே அறிய வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது மட்டும் கழற்றச் சொல்வார்கள். கழற்றியதைச் சட்டைப் பையில் போடாமல் நீங்கள் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் மாட்டி விடுங்கள்.