கிராக்சைடு மாளிகை: கேள்வி பதில்

இங்கிலாந்தின் வடக்கே நார்தம்பர்லாந்தில், ராத்பரி ஊருக்கு அருகே செங்குத்தான பாறைச் சரிவில் நிற்கிறது கிராக்சைடு. நீர்விசை கிரேன்களும் பீரங்கிகளும் செய்த நியூகாசில் தொழிலதிபர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங்கின் வீடு. கிரேடு 1 மரபுக் கட்டடம், அதாவது அங்கே சட்டம் பாதுகாக்கும் பழைய கட்டடங்களில் மிக உயர்ந்த தரம். 1977 முதல் மரபிடங்களைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் வசம் இருக்கிறது. இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

கேள்வி: படத்தில் பார்த்தால் கோபுரம், கூர்முகடு, புகைபோக்கி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கின்றன. திட்டம் போடாமல் கட்டினார்களா?

பதில்: ஒரே திட்டமாகப் போடவில்லை. 1863இல் எழும்பியது சின்ன ஓய்வு விடுதிதான். 1869இல் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நார்மன் ஷா வந்தார். பழைய விடுதியை இடிக்காமல் அதையே நடுவில் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளில் பகுதி பகுதியாகச் சேர்த்தார். முதலில் சாப்பாட்டு அறை, நூலகம். பிறகு கோபுரமும் நீண்ட கலைக்கூடமும். கடைசியில் பெரிய வரவேற்பறை. பாறையை வெட்டி இடம் பிடிக்க வேண்டியிருந்ததால் தளங்கள் ஒரே மட்டத்தில் இல்லை. உள்ளே நடந்தால் நாலு படி ஏறுவோம், இரண்டு படி இறங்குவோம். மேலே தெரியும் கறுப்பு மரச்சட்டங்கள் பெரும்பாலும் அலங்காரம், பாரம் தாங்குவது கல்சுவர். ஒட்டாத தோற்றம் ஷா வேண்டுமென்றே செய்தது. தலைமுறை தலைமுறையாக வளர்ந்த பழைய ஆங்கிலேய வீடு மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் கையாண்ட பாணியின் நோக்கம். வாசலுக்கு எதிரே நின்று பார்த்தால் இது புரியாது, கீழே பள்ளத்தாக்கிலிருந்து பார்க்க வேண்டும்.

கேள்வி: நீர்மின்சாரத்தில் விளக்கெரிந்த முதல் வீடு என்கிறார்கள். உள்ளே என்னதான் இருந்தது?

பதில்: 1878இல் கலைக்கூடத்தில் ஒரு வில்விளக்கு போட்டார்கள், இரு கரிக்கோல்களுக்கு இடையே மின்சாரம் தாவி எரியும் விளக்கு அது. வில்விளக்கு சீறும், மினுங்கும், கண்ணைக் கூசவைக்கும். வீட்டுக்குள் வைக்கிற பொருளே இல்லை. நியூகாசிலில் ஜோசப் ஸ்வான் கரியிழை பல்பு செய்து காட்டியதும், 1880 டிசம்பரில் நூலகத்துக்கு அது வந்தது.

டெப்டன் ஓடையில் அணை கட்டித் தேக்கிய நீர் ஆறு குதிரைத்திறன் டர்பைனைச் சுற்றியது, அது சீமன்ஸ் டைனமோவை ஓட்டியது. அங்கிருந்து வீட்டுக்கு 1,500 கஜம், அதாவது ஏறக்குறைய 1,370 மீட்டர். போக வர இரட்டைக் கம்பி என்றால் 2.7 கிலோமீட்டர் செம்பு. குறைந்த மின்னழுத்த நேர்மின்னோட்டத்தை அவ்வளவு தூரம் கொண்டுவந்தால் வழியிலேயே கம்பி சூடாகி ஒரு பங்கு வீணாகும்.

வீடு முழுக்க 45 பல்புகள். அறைக்கு அறை அணைத்துப் போட்டதால் ஒரே நேரத்தில் எரிந்தவை அதிகபட்சம் 37. நூலகத்தில் எட்டு. அதில் நான்கு, கூரையிலிருந்து தொங்கிய ஒரே மங்கல் கண்ணாடிக் கோளத்துக்குள். மற்ற நான்கும் எனாமல் பூசிய செம்பு ஜாடிகளின் மேல். என்னைக் கேட்டால் மொத்த வீட்டிலும் அழகான பொறியியல் இந்த ஜாடிதான். பீடத்தின் நடுவே பாதரசம் நிரம்பிய சிறு கிண்ணம். அதுவரை மின்சாரம் வரும். ஜாடியின் அடித்துளை வழியே இறங்கும் கம்பி பாதரசத்தைத் தொட்டதும் மின்சாரம் மேலேறி பல்பை எரியவைத்து, ஜாடியின் செம்பு உடம்பு வழியாகவே திரும்பும். தனி சுவிட்ச் கிடையாது. ஜாடியைத் தூக்கினால் விளக்கு அணையும், திரும்ப வைத்தால் எரியும்.

கேள்வி: கோடையில் ஓடை வற்றினால்?

பதில்: சிக்கல்தான். 1886இல் பர்ன்ஃபுட் மின்நிலையம் வந்தது. அதற்கு மேட்டிலுள்ள நெல்லிஸ் மாஸ் ஏரிகளிலிருந்து 340 அடி வீழ்ச்சி, கிட்டத்தட்ட 10 பார் அழுத்தம், அதாவது காற்றழுத்தத்தைப் போலப் பத்து மடங்கு. சேமிப்பு பேட்டரிகளும் சேர்ந்தன. அதனால் டைனமோவின் வேகம் ஏறி இறங்கினாலும் விளக்கு ஆடாது. வறட்சிக்கென்று பின்னாளில் ஒரு எரிவாயு எஞ்சினையும் வைத்தார்கள்.

கேள்வி: மின்சாரம் தவிர தண்ணீரால் வேறென்ன ஓடியது?

பதில்: லிஃப்ட், சமையலறையில் இறைச்சி சுடும் சுழல்கம்பி. லிஃப்டின் முக்கிய வேலை மாடிக் கணப்புகளுக்கு நிலக்கரி ஏற்றுவது. நூலகத்துக்குக் கீழே சூடான காற்றில் வியர்த்துக் குளிக்கும் துருக்கிக் குளியலறைத் தொகுதியும் உண்டு. பல்பைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறார்கள். ஆம்ஸ்ட்ராங்கின் வாழ்நாள் தொழில் நீரழுத்தத்தால் இயந்திரங்களை ஓட்டுவது, இந்த வீடு அதற்கு அவர் வைத்த கண்காட்சி.

கேள்வி: வரவேற்பறைக் கணப்பின் எடை பத்து டன்னாமே, தரை எப்படித் தாங்குகிறது?

பதில்: ஆமாம், ஏறத்தாழ பத்து டன் பளிங்கு. ஷாவின் அலுவலகத்திலிருந்த கட்டடக் கலைஞர் லெதபி வரைந்தது. அந்த அறை சரிவைக் குடைந்து பாறையை ஒட்டிக் கட்டப்பட்டது, எனவே சுமை நேரே பாறையில் இறங்குகிறது. 1884இல் வேல்ஸ் இளவரசர் வருகைக்குள் முடித்தார்கள்.

கேள்வி: நான் இருப்பது யார்க்ஷயரில், 1880களில் கட்டிய மணற்கல் வீடு, கிரேடு 2. சுவரில் கல் செதில் செதிலாக உதிர்கிறது. சிமெண்ட் வைத்து கற்களுக்கு இடையிலுள்ள இணைப்பைப் பூசலாமா?

பதில்: வேண்டாம். பெரும்பாலும் முன்பு யாரோ பூசிய சிமெண்ட்தான் உதிரக் காரணமாக இருக்கும். மழைநீர் இணைப்பு வழியே ஆவியாக முடியாமல் கல்லுக்குள் தேங்கும், உறைபனியில் விரிந்து முகத்தைப் பெயர்க்கும். முதலில் உள்ளாட்சியின் மரபுக் கட்டட அலுவலரிடம் பேசுங்கள். அனுமதி தேவைப்படும் வேலையை அனுமதியின்றிச் செய்வது அங்கே குற்றவியல் வழக்கு. பிறகு உளியால் மட்டும் பழைய சாந்தை எடுங்கள், கிரைண்டர் கல் விளிம்பைத் தின்றுவிடும். ஆழம் இணைப்பின் அகலத்தைப் போல இரு மடங்கு, குறைந்தது 25 மிமீ. தூசு தட்டி நனைத்து, என்.எச்.எல். 3.5 (நீர்பட்டு இறுகும் இயற்கைச் சுண்ணாம்பின் ஒரு வகை) ஒரு பங்குக்குச் சொரசொரப்பான மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு கலந்து அழுத்தி நிரப்புங்கள். ஈரச் சாக்கு போட்டு சில நாள் மூடிவையுங்கள். 5 டிகிரிக்குக் கீழே தொடாதீர்கள். சிமெண்ட் கல்லோடு இறுகிப்போய் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், பெயர்த்தால் கல்தான் போகும்.

கேள்வி: உள்ளே தொங்கும் ஓவியங்கள் ஆம்ஸ்ட்ராங் வாங்கியவையா?

பதில்: அவருடைய சிறந்த ஓவியங்கள் 1910இல் ஏலத்தில் போய்விட்டன. சாப்பாட்டு அறைக் கணப்பு மாடத்தில் உள்ள வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் நிறுவனம் செய்த வண்ணக் கண்ணாடி அசல், அதைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: இன்றும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்களா?

பதில்: 2014இல் டம்பிள்டன் ஏரியில் 17 மீட்டர் நீள ஆர்க்கிமிடீஸ் திருகு (இறங்கும் நீர் சுற்றவைக்கும் சாய்ந்த திருகு) வைத்தார்கள், திறன் 12 கிலோவாட். பழைய டர்பைன் மாதிரி மூடிய அறைக்குள் இல்லை, வெளியே நின்று சுற்றுவதைப் பார்க்கலாம்.