'தம்பி' பகரமா, 'பல்' பகரமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. தமிழ் சரளமாக வாசிக்கிறாள். மலாய் சொல்வதெழுதுதலில் மட்டும் பத்துக்கு நான்கைத் தாண்டுவதில்லை. வீட்டில் தமிழைக் குறைத்து மலாய் பேசுங்கள் என்கிறார் டியூஷன் ஆசிரியர். செய்யலாமா?
– ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: வேண்டாம். முதலில் அவளுடைய நோட்டிலிருந்து தப்பான சொற்களை மட்டும் ஒரு தாளில் எடுத்தெழுதுங்கள். பெரும்பாலும் தப்புகள் இரண்டு மூன்று இடங்களில்தான் குவிந்திருக்கும்.

மலாயில் 'காலை' என்ற சொல்லுக்கும் 'கொடு' என்ற சொல்லுக்கும் முதல் எழுத்து மட்டுமே வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் 'பாகி'. அதுபோலவே 'சம்பளம்', 'ஆராய்தல்' இரண்டும் 'காஜி'. இந்தப் பக்கத்தில் அவற்றைப் பிரித்து அச்சிட நமக்கே எழுத்தில்லை. ஆறு வயதுப் பிள்ளை தடுமாறுவதில் என்ன ஆச்சரியம்? அவளுக்குக் காதில் கோளாறு கிடையாது. 'பல்'லில் வரும் ப வேறு, 'தம்பி'யில் வரும் ப வேறு. இரண்டையும் தினமும் சரியாகவே சொல்கிறாள். தமிழில் இடத்தைப் பொறுத்து ஒலி தானாக மாறுவதால் ஒரே எழுத்து போதும். மலாயில் சொல்லின் முதலிலேயே இரண்டு ஒலியும் வரும், அதனால் இரண்டு எழுத்து. எழுதும் முன் "தம்பி பகரமா, பல் பகரமா?" என்று கேளுங்கள். ககரத்துக்கு 'கல்', 'தங்கம்'. தகரத்துக்கு 'தலை', 'பந்து'.

தினம் ஆறு சொல், ஐந்து நிமிடம் போதும். இரண்டு வகையையும் கலந்து கொடுங்கள். ஒரு நாள் முழுக்கப் 'பல்' வகை, மறுநாள் முழுக்கத் 'தம்பி' வகை என்றால் பிள்ளை எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியிராது; நோட்டில் பத்துக்குப் பத்து வரும், வகுப்பில் பழைய கதைதான். வாய்க்கு முன் தாளைப் பிடித்து அசைகிறதா என்று பார்க்கும் உத்தி ஆங்கிலத்துக்கானது. மலாய்ப் 'பல்' பகரத்தில் மூச்சு அப்படிச் சீறாது, தாள் அசையாது, பிள்ளை இன்னும் குழம்பும்.

அடுத்தது 'சீ' என்ற எழுத்து. பாலர் பள்ளியில் ஆங்கிலத்துக்காக அதைக் 'க' என்று பழகியிருப்பாள். மலாயில் அது எப்போதும் 'ச'தான். பல்லியைக் குறிக்கும் 'சிச்சாக்' அவள் வாயில் 'கிக்காக்' ஆனால் காரணம் இதுவே. 'ஈ' என்ற எழுத்துக்கு மலாயில் இரண்டு ஒலி. போருக்கும் பழுப்பு நிறத்துக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்று, உச்சரிப்பு வேறு. இதற்கு விதி கிடையாது. சொல்லை முதலில் காதால் கேட்கட்டும், பிறகு கண்ணால் பார்க்கட்டும்.

வீட்டில் அரைகுறை மலாய் பேசுவது இதில் எதையும் சரிசெய்யாது. தமிழ் பேசும் பிள்ளைக்குக் 'கித்தா', 'காமி' வேறுபாட்டை விளக்கவே வேண்டாம்: நாம், நாங்கள். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்த பிள்ளைக்கு அதையும் புதிதாகச் சொல்லித்தர வேண்டும்.

கேள்வி: மகன் நான்காம் ஆண்டு. மலாய்க் கட்டுரையில் வினைச்சொற்கள் எல்லாம் சிவப்பு மை. வினைக்கு முன்னால் 'மெ' சேர்ப்பது பிடிபடவே இல்லை.
– பட்டர்வொர்த் வாசகர்

பதில்: தமிழ்ப் பாடத்தில் இன எழுத்து படித்திருப்பானே, அதை எடுங்கள். ககரத்துக்கு ங, சகரத்துக்கு ஞ, தகரத்துக்கு ந, பகரத்துக்கு ம. மலாயில் 'மெ' வந்து ஒட்டும்போது முதலெழுத்து விழுந்து அதன் இன மெல்லொலி அங்கே உட்காரும்: கீரா (எண்ணு), மெஙீரா. சாப்பு (பெருக்கு), மெஞாப்பு. தூலிஸ் (எழுது), மெநூலிஸ். பூக்குல் (அடி), மெமூக்குல்.

விழுவது 'பல்' வகை எழுத்து மட்டும். 'வாசி' என்னும் பொருளுள்ள 'பாச்சா'வின் முதலெழுத்து 'தம்பி' வகை. அது விழாது, 'மெம்பாச்சா' என்றே வரும். தம்பியில் உள்ள 'ம்ப' அப்படியே இருக்கிறது பாருங்கள். முதலாம் ஆண்டில் தீராத எழுத்துக் குழப்பம் நான்காம் ஆண்டில் இலக்கணப் பிழையாக முளைப்பது இப்படித்தான். சகரத்தில் ஒரு கவனம்: 'எஸ்' எழுத்துதான் விழும், 'சீ' நிற்கும். 'தேடு' என்னும் 'சாரி', 'மெஞ்சாரி' ஆகும்.

அடைமொழி பெயருக்குப் பின்னால் வரும் ('பாஜு மேரா', அதாவது சிவப்புச் சட்டை). எண் சொன்னபின் பன்மைக்காகப் பெயரை இரட்டிக்கக் கூடாது. இவை எழுத எழுதப் பழகிவிடும்.

கேள்வி: பிள்ளை தேசியப் பள்ளியில் (மலாய் வழி) படிக்கிறான். அங்கே தமிழ் கற்க வழியுண்டா?
– பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: உண்டு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தமிழ் வகுப்பு நடத்த இடமிருக்கிறது. பதினைந்து என்பது பள்ளி முழுவதற்குமான கணக்கு, ஒரு வகுப்புக்கானது அல்ல; இது தெரியாமல் "எங்கள் வகுப்பில் நான்கு பேர்தான்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எல்லோரும் கையெழுத்திட்ட ஒரே கடிதமாகத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள், பிள்ளையின் பெயரையும் ஆண்டையும் குறித்து. வகுப்பு கால அட்டவணைக்குள்ளா, பள்ளி முடிந்தபிறகா என்பதை அன்றே கேளுங்கள். பள்ளி முடிந்தபிறகு என்றால் வேன்காரர் காத்திருக்க மாட்டார், இரண்டே மாதத்தில் வகுப்பு கரைந்துவிடும். உங்கள் ஊரில் இது புதுக் கோரிக்கையும் அல்ல. பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் என்ற ஆங்கிலப் பள்ளிக்குள்தான் 1816இல் நாட்டின் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியது.

கேள்வி: கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடத்தச் சம்மதம் கேட்டுப் படிவம் வந்திருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?
– ஜின்ஜாங், கோலாலம்பூர்

பதில்: 2016இல் வந்த இருமொழித் திட்டம் அது. பெற்றோரின் எழுத்துபூர்வச் சம்மதம் அதன் நிபந்தனைகளில் ஒன்று. யாரும் அவசரப்படுத்த முடியாது. ஆங்கிலக் கணிதப் புத்தகத்திலிருந்து ஒரு பிரச்சினைக் கணக்கைக் கொடுத்து, "கணக்குப் போடாதே, என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் தமிழில் சொல்" என்று கேளுங்கள். ஐந்து கணக்கில் நான்குக்குச் சரியாகச் சொன்னால் யோசிக்கலாம். எண்களை மட்டும் பொறுக்கி "கூட்டவா, கழிக்கவா?" என்று உங்கள் முகத்தைப் பார்த்தால் படிவத்தை வெறுமையாகவே திருப்பி அனுப்புங்கள்.