‘குடிகாரங்க கூட்டத்துல எனக்கென்ன வேலை?’

கேள்வி: என் கணவர் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். போதை மீட்பு மையத்தில் மூன்று வாரம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் வீடு திரும்பினார். இதுவரை தொடவில்லை. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ‘ஏஏ’ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங்குக்கு விடாமல் போகச் சொல்லி அனுப்பினார்கள். இவரோ, ‘அது சர்ச் சமாச்சாரம். குடிகாரங்க கூட்டத்துல எனக்கென்ன வேலை? தெரிஞ்சவங்க பார்த்தா மானம் போயிடும்’ என்கிறார். சாம்பாரில் கலந்துகொடுக்க மாமியார் ஏதோ மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார். கூட்டம் எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நானும் போகலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள். இப்படி ரகசியமாகக் கலக்கப்படுவது பெரும்பாலும் டைசல்பிராம் என்ற குடி நிறுத்தும் மருந்து. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம். டாக்டர் எழுதிக்கொடுத்து, உங்கள் கணவரே தெரிந்து சாப்பிட வேண்டிய மருந்து அது. மாமியாரிடம் பக்குவமாக, ஆனால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். மீட்பு மையத்தில் ஆலோசகராக இருந்த காலத்தில், குடும்பத்தினரும் உட்காரக்கூடிய திறந்த கூட்டங்களுக்கு நிறையப் போயிருக்கிறேன். பள்ளி வகுப்பறையோ சர்ச்சை ஒட்டிய சின்ன ஹாலோ இருக்கும். சர்ச்சில் நடப்பதற்குக் காரணம் அங்கே இடம் கிடைப்பதுதான். எந்த மதத்துக்காரரும், சாமி கும்பிடாதவரும் வரலாம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு ஃபிளாஸ்க்கில் டீ. ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்பார். எல்லோரும் வணக்கம் சொல்வார்கள். அவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசுவதில்லை, புத்திமதி சொல்வதில்லை. பேச விருப்பமில்லாதவர் சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம். கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். புதிதாக வந்தவர் அதில் எதுவும் போட வேண்டியதில்லை. சேருவதற்கு வேண்டியது குடியை நிறுத்தும் ஆசை ஒன்றுதான்.

‘குடிகாரங்க கூட்டம்’ என்கிறாரே, அதன் பலமே அதுதான். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்குத் தொழில் விஷயமாகப் போன பில் என்பவருக்கு வந்த காரியம் கைகூடவில்லை. தங்கியிருந்த ஹோட்டலில் மதுக்கூடத்தின் சத்தம் காதில் விழுகிறது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. தன்னைப் போலவே குடியால் தவிக்கும் இன்னொருவரிடம் பேசினால்தான் தப்பிப்போம் என்று புரிந்து, பல இடங்களுக்குப் போன் போட்டார். கடைசியில் கிடைத்தவர் டாக்டர் பாப். இருவரும் மணிக்கணக்கில் பேசிய அந்தப் பேச்சில்தான் ஏஏ பிறந்தது. உங்கள் கணவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கல்லாவில் கைவைத்தது, பிள்ளையின் ஃபீஸைக் குடித்தது என்று நம்மிடம் சொல்லக் கூசுவதையெல்லாம், அதையே செய்துவிட்டு வந்தவரிடம் அவரால் சொல்ல முடியும். ஆலோசகர்களான எங்களிடம்கூட அவ்வளவு வராது.

மானம் போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அங்கே தெரிந்த முகம் இருந்தால் அவரும் அதே நோய்க்காகத்தானே வந்திருக்கிறார்? உள்ளே பார்த்தது, கேட்டது வெளியே போகக்கூடாது என்பதில் ஏஏ உறுப்பினர்கள் கறாரானவர்கள்.

இடம் கண்டுபிடிக்க, சிகிச்சை கொடுத்த மையத்தையே முதலில் கேளுங்கள். ஏஏவின் இந்திய இணையதளத்தில் பாருங்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம். 14446 என்ற கட்டணமில்லா எண் போதை மீட்பு உதவிக்கென்றே இருக்கிறது. பல கூட்டங்கள் சாயங்காலம்தான் நடக்கும். கை பரபரக்கும் நேரமும் அதுதானே! ஆரம்பத்தில் 90 நாளில் 90 கூட்டம் என்பது ஏஏவில் புழங்கும் கணக்கு. உங்கள் பக்கம் தினமும் கூட்டம் இல்லையென்றால் மற்ற நாட்களில் ஆன்லைன் கூட்டம். அப்புறம், முதல் நாளே இரண்டு பேருடைய போன் நம்பரை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கடைப் பக்கம் கால் இழுக்கும்போது ஒரு போன் போட்டால் போதும்.

அவர் சம்மதித்தால் உறுப்பினர்கள் வீட்டுக்கே வந்து பேசுவார்கள். ‘போனீங்களா, போனீங்களா’ என்று நீங்கள் நச்சரிப்பதைவிட அது பலிக்கும்.

நீங்கள் திறந்த கூட்டத்துக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் உங்களுக்கென்றே அல்-அனான் இருக்கிறது. பில்லின் மனைவி லோயிஸும் அவருடைய தோழியும் 1951-ல் குடும்பத்தினருக்காகத் தொடங்கியது. உங்கள் கணவர் போகாவிட்டாலும் நீங்கள் போங்கள். இத்தனை வருஷம் நீங்கள் பட்டதைக் கேட்கவும் ஆள் வேண்டும் அம்மா.

கேள்வி: தனியாக வசிக்கும் பெண் நான். தினமும் இரவில் குடிக்கிறேன். காலையில் கை நடுங்குகிறது. ஆண்கள் நிறைந்த ஏஏ கூட்டத்துக்கு எப்படிப் போவது?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: பெண்களுக்கு மட்டுமான கூட்டங்கள் இருக்கின்றன. ஆன்லைனிலும் நடக்கின்றன, கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கலாம். ஆனால் அந்த நடுக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம். நாளைக்கே மனநல மருத்துவரைப் பார்த்து எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். நிறுத்துவதற்கு மருந்து தருவார். கூட்டத்துக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம், இன்றிரவே கேட்கத் தொடங்கலாம்.