வாசகர் கேள்வி–பதில்: ஓய்வுக்காலத்துக்கு மலேசியா, தாய்லாந்து விசா

கேள்வி: எனக்கு வயது 63, மனைவிக்கு 58. ஐயா காலத்தில் பினாங்கில் எங்களுக்குக் கடை இருந்தது. இப்போது நாங்கள் இருவரும் அங்கேயே போய்த் தங்கிவிடலாமென்று எண்ணம். ‘மலேசியா மை செகண்ட் ஹோம்’ விசாவுக்கு எவ்வளவு பணம் காட்ட வேண்டும்? இங்கிருந்து எப்படி அனுப்புவது?
– மெ. அ., கண்டனூர்

பதில்: முதலில் ஓர் எழுத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். அது காட்ட வேண்டிய பணமல்ல, கட்ட வேண்டிய பணம். வங்கியில் இருக்கிறது என்று சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் போதாது. மலேசிய வங்கியில் உங்கள் பெயரில் வைப்புத்தொகையாகப் போட்டாக வேண்டும்.

2024 ஜூனில் மாற்றிய விதிகளின்படி சில்வர் வகைக்கு 1,50,000 அமெரிக்க டாலர். விசா 5 ஆண்டு. கோல்டு 5 லட்சம் டாலர், 15 ஆண்டு. பிளாட்டினம் 10 லட்சம் டாலர், 20 ஆண்டு. நான்காவதாக, ஜொகூரில் உள்ள ஃபாரஸ்ட் சிட்டிக்கென்று ஒரு வகை உண்டு. அதில் 50 வயது கடந்தவருக்கு 32,000 டாலர்தான், விசாவும் 10 ஆண்டு. தரகர்கள் இதைத்தான் முதலில் எடுத்து விடுவார்கள். வீட்டை அந்த வளாகத்துக்குள்ளேயே வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்வார்கள். உங்களுக்கு பினாங்குதான் வேண்டுமென்றால் இது ஒத்துவராது.

வைப்புத்தொகையோடு முடிவதில்லை. சில்வரில் குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடும் வாங்க வேண்டும். அதைவிட விலை கூடிய வீட்டுக்கு மாறினால் தவிர, 10 ஆண்டுக்கு விற்க முடியாது. அதற்கு மேல், வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு அந்தந்த மாநிலம் தனியாக ஓர் அடிவிலை வைத்திருக்கிறது. பல இடங்களில் அது 10 லட்சம் ரிங்கிட். ஆகவே 6 லட்சத்தை மட்டும் கணக்கில் வைத்துக் கிளம்பாதீர்கள். ஓராண்டு கழிந்தபின், வைப்புத்தொகையில் பாதிவரை வீடு, மருத்துவம் போன்ற செலவுக்கு எடுக்கலாம். 50 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கு இத்தனை நாள் அங்கே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஊர்க் கல்யாணம், திருவிழாவுக்கு வந்துபோகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

நேரடியாக விண்ணப்பிக்க வழியில்லை. மலேசியச் சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் பெற்ற ஏஜென்ட் வழியாகத்தான் போக வேண்டும். உரிமம் உள்ளதா என்று அமைச்சகப் பட்டியலில் நீங்களே பாருங்கள். முதலில் நிபந்தனையுடன் கூடிய ஒப்புதல் கடிதம் வரும். வைப்புத்தொகை, மருத்துவப் பரிசோதனை, காப்பீடு எல்லாம் அதற்குப் பிறகுதான். கடிதம் கைக்கு வருமுன் வைப்புத்தொகையை அனுப்பச் சொல்கிற ஏஜென்ட்டை விட்டு விலகுங்கள்.

இனி அனுப்பும் வழி. ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். (இந்தியாவில் குடியிருப்பவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டம்) விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் அனுப்பலாம். வைப்புத்தொகைக்கு ஒன்றரை லட்சம் போனால், உங்கள் கணக்கில் மிச்சம் ஒரு லட்சம். அது 6 லட்சம் ரிங்கிட் வீட்டுக்கே காணாது. “ஆச்சி (மனைவி) கணக்கிலிருந்து அனுப்பிக்கொள்ளலாம்” என்று வங்கியில் யாராவது சொல்லலாம். உங்கள் பெயரில் மட்டும் உள்ள வைப்புக்கோ வீட்டுக்கோ மனைவியின் வரம்பைச் சேர்க்க விதி இடம் தராது. அவரும் உடைமையாளராக இருக்க வேண்டும். எனவே வீட்டை இருவர் பெயரிலும் பதிவு செய்யுங்கள், அல்லது மார்ச் 31-க்குள் ஒரு பகுதி, ஏப்ரல் 1-க்குப் பின் ஒரு பகுதி என்று பிரித்து அனுப்புங்கள். அனுப்பும் வங்கியில் உங்கள் கணக்கு ஓராண்டு பழையதாக இருப்பது நல்லது. புதுக்கணக்கு என்றால் முந்தைய வங்கியின் ஓராண்டு ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு என்று துருவுவார்கள்.

கேள்வி: 1.30 கோடி ரூபாய் அனுப்பப் போனால், வங்கியில் மேலும் 24 லட்சம் கேட்கிறார்கள். இது என்ன கட்டணம்?
– சொ. வ., காரைக்குடி

பதில்: கட்டணம் இல்லை, டி.சி.எஸ். என்கிற முன்வரி. நிதியாண்டுக்கு ஒருவருக்கு 10 லட்சம் வரை இல்லை (2025 ஏப்ரல் வரை இந்த எல்லை 7 லட்சமாக இருந்தது). அதற்கு மேல் 20 சதவீதம். 130-இல் 10 போக 120 லட்சம், அதில் ஐந்தில் ஒன்று 24 லட்சம். கணக்கு சரிதான்.

இது உங்கள் பான் எண்ணில் கட்டிய வரியாக ஏறும். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மீதி திரும்பி வரும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்தால்தான் வரும். பணம் மாதக்கணக்கில் முடங்கும் என்பதால் கையிருப்பைச் சுத்தமாக வழித்துவிடாதீர்கள். ஏப்ரலில் அனுப்பினால் அடுத்த ஆண்டு தாக்கல்வரை காத்திருக்க வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் அனுப்பினால் காத்திருப்பு சில மாதம்தான்.

இந்தியாவில் வரிக்கு உட்பட்ட குடியிருப்பாளராக நீங்கள் இருக்கும்வரை, அங்குள்ள வைப்பையும் வீட்டையும் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் காட்ட வேண்டும். மறைத்தால் அபராதம் 10 லட்சம் ரூபாய்.

கேள்வி: வங்கிப் புத்தகத்தில் ‘பழ.ராம. நாச்சியப்பன்’, ஆதாரில் ‘நாச்சியப்பன் ஆர்’, பாஸ்போர்ட்டில் ‘ராமநாதன் நாச்சியப்பன்’. மனைவி பாஸ்போர்ட்டில் மீனாட்சி, வங்கியில் மீனாள். எங்கள் திருமணம் பதிவாகவில்லை, இசைகுடிமானம் (திருமண ஒப்பந்த ஏடு) பத்திரமாக இருக்கிறது. போதுமா?
– நா., பள்ளத்தூர்

பதில்: போதாது. செட்டிநாட்டுக்காரர்களின் விண்ணப்பம் சிக்கிக்கொள்வது பணத்தில் அல்ல, இங்கேதான். ஐயா (தாத்தா), அப்பச்சி (அப்பா) பெயர்களை அடுக்கிய இனிஷியல் நம் ஊரில் குடும்ப அடையாளம். அயல்நாட்டு அதிகாரிக்கு மூன்று தாளில் மூன்று ஆள். பாஸ்போர்ட்டில் இனிஷியலே செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். மலேசிய வங்கி பாஸ்போர்ட் பெயரில்தான் கணக்குத் திறக்கும். ‘பழ.ராம.’ பெயரில் போகும் பணத்தை அது வேறொருவர் பணமாகக் கருதித் திருப்பி அனுப்பிவிடலாம்.

எனவே பாஸ்போர்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு, ஆதார், பான், வங்கி மூன்றையும் அந்த வரிசையிலேயே அதன்படி மாற்றுங்கள். மீனாள் மீனாட்சியாவதும் அப்படித்தான். இரு பெயரும் ஒருவரே என்ற நோட்டரி அஃபிடவிட்டைத் துணைக்கு வைக்கலாம், அதை மட்டும் நம்பக்கூடாது. பிள்ளை கூட்டிக்கொண்ட வீடென்றால் பள்ளிச் சான்றிதழில் பெற்ற தந்தை பெயரும் பாஸ்போர்ட்டில் சுவீகாரத் தந்தை பெயரும் இருக்கும். பதிவு செய்த சுவீகாரப் பத்திரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கையில் வையுங்கள்.

இசைகுடிமானம் இரு வீட்டாரும் ஒப்பிய ஏடு, அரசாங்கப் பதிவு ஆகாது. தமிழ்நாட்டில் 2009 நவம்பர் 24 முதல்தான் எல்லாத் திருமணங்களுக்கும் பதிவு கட்டாயம். அதற்கு முந்திய திருமணத்தை இந்து திருமணச் சட்டத்தின்கீழ் இப்போதும் பதியலாம். திருமணம் நடந்த ஊருக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அடையாளச் சான்று, வயதுச் சான்று, சாட்சிகள், திருமண அழைப்பிதழ் ஆகியவற்றோடு போங்கள். அழைப்பிதழ் அறைப் பெட்டியில் எங்காவது கிடக்கும், தேடுங்கள். சான்றிதழில் இருவர் பெயரும் பாஸ்போர்ட் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று கையெழுத்திடுமுன் படித்துப் பாருங்கள். மலேசியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் (ஒரே சான்றொப்பத்தை உறுப்பு நாடுகள் ஏற்கும் ஏற்பாடு) இல்லாததால் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என மூன்று சான்றொப்பமும் வேண்டும்.

போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழைக் கடைசியாக வாங்குங்கள், பழையதாகிவிட்டால் மறுபடி கேட்பார்கள். சிவகங்கை மாவட்டத்துக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம், புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களுக்குத் திருச்சி. கட்டணம் 500 ரூபாய். விசாரணைக்குப் போலீஸ் வரும்போது வீடு பூட்டிக் கிடந்தால் அறிக்கை பாதகமாகப் போகும். சென்னையில் பிள்ளைகளோடு இருந்தால் அந்த வாரம் ஊருக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: தாய்லாந்து மலிவு என்கிறார்களே?
– அ. க., தேவகோட்டை

பதில்: நுழைவு மலிவு, பராமரிப்பில் அலைச்சல் கூடுதல். ‘ஓ-ஏ’ ஓய்வு விசாவுக்கு 50 வயது நிறைந்திருக்க வேண்டும். வங்கியில் 8 லட்சம் பாட் அல்லது மாதம் 65,000 பாட் வருமானம், 30 லட்சம் பாட் மருத்துவக் காப்பீடு, போலீஸ் சான்று, மருத்துவச் சான்று. வீடு வாங்கத் தேவையில்லை. ஓராண்டுக்கு ஒருமுறை நீட்டிக்க வேண்டும், 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது ரீ-என்ட்ரி பெர்மிட்டில் (மறுநுழைவு அனுமதி). நீட்டிப்பில் இருக்கும்போது அது வாங்காமல் ஊருக்குக் கிளம்பினால் விமான நிலையத்திலேயே விசா தீர்ந்துபோகும். ஒரு பயணத்துக்கு 1,000 பாட், எத்தனை முறையானாலும் என்றால் 3,800. எழுபதைத் தாண்டியவர் முதலில் காப்பீடு கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்கட்டும்.

கேள்வி: வளவு வீட்டில் (பங்காளிகளின் பொது வீடு) எனக்கு எட்டில் ஒரு பங்கு. அதை விசாவுக்குச் சொத்தாகக் காட்டலாமா?
– உ., கானாடுகாத்தான்

பதில்: பிரியாத பங்கை எந்த நாட்டிலும் பணமாக எண்ணமாட்டார்கள். அந்த வீட்டுக்காகச் செய்ய வேண்டிய வேலை வேறு. வீட்டு வரி, ஓடு மாற்றுவது, கோயில் புள்ளி வரி (குடும்பக் கணக்கில் கோயிலுக்குத் தருவது), பங்காளிகள் கேட்கும் கையெழுத்து இவற்றுக்கு நம்பகமான ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுதிப் பதிந்துவிட்டுக் கிளம்புங்கள். விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காதீர்கள். அங்கே போனபின் எழுதினால், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பி, பத்திரம் இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டியிருக்கும்.