எண்ணெய் கலந்த கிணற்றை இறைத்து ஊற்றினால் சுத்தமாகுமா?

"தொழிற்சாலை வளவில் டீசல் ஊறி, பக்கத்துக் கிணறுகள் மணக்கின்றன. முழுதாக இறைத்து ஊற்றினால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. யாழ்ப்பாணத்தில் அது இன்னொரு கேட்டையும் கொண்டுவரும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் குகையுமான சுண்ணாம்புக்கல். மழைநீர் அதற்குள் ஊறி, கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் இருக்கும் என்பது கணக்கு. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறும்.

டீசல் தண்ணீரைவிட இலேசு. மாரியில் நீர்மட்டம் ஏற, கோடையில் இறங்க, அதுவும் கூடவே ஏறி இறங்கிக் கல்வெடிப்பெல்லாம் பூசிக்கொள்ளும். ஒரு முறை தெளிவாகத் தெரிந்த கிணறு பிறகு மறுபடி மணப்பது இதனால்தான். ஒரேயொரு பரிசோதனை அறிக்கையை நம்பிவிடாதீர்கள். மாரி, கோடை இரண்டிலும் எடுக்கக் கேளுங்கள்.

முதலில் கசிவை அடைக்க வேண்டும். ஊறிய மண்ணை அள்ளி, நீர் புகாத விரிப்பில் பரப்பி, ஈரமும் உரமும் கொடுத்து அடிக்கடி கிளறினால் நுண்ணுயிர்கள் டீசலைச் சிதைக்கும். எங்கள் வெக்கை அதற்கு உதவி. மிதக்கும் எண்ணெயை, நிலத்தடி நீரைச் சோதிக்கத் தோண்டும் கண்காணிப்புக் கிணறுகளிலிருந்து வழித்தெடுக்கலாம். கரைந்து கலந்ததுதான் கடினம்: அளவாக இறைத்து, காற்றூட்டி, கரி வடியில் விட்டு, திரும்ப நிலத்துக்குள் இறக்க வேண்டும். இதற்கு வருடக்கணக்கு ஆகும்.

அதுவரை அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்தும் குடிக்க வேண்டாம். கொதி கிருமியைத்தான் கொல்லும்.