ஞாயிறு இரவுக்கு ஷெப்பர்ட்ஸ் பை: கேட்டவர்களுக்குப் பதில்

ஷெப்பர்ட்ஸ் பை என்றால் மின்ஸ், அதாவது கொத்துக்கறிமேல் உருளைக்கிழங்கு மசியலைப் பரப்பி ஓவனில் வைத்து எடுப்பது. என் அம்மா தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் பெரியா பகுதியில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டு வந்த பதார்த்தம் இது. அங்கே மாட்டுக்கறியில் செய்வார்களாம். எங்கள் வீட்டில் மாடு தொடுவதில்லை என்பதால் அம்மா மட்டனுக்கு மாற்றினார். பல வருடமாக நானும் அதே அளவில்தான் செய்கிறேன். கேள்விகள் நிறைய வந்திருப்பதால், முதலில் அந்த அளவைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு பேருக்கு மட்டன் மின்ஸ் 600 கிராம், உருளைக்கிழங்கு ஒரு கிலோ, வெங்காயம் இரண்டு, கேரட் இரண்டு, பூண்டு மூன்று பல், தக்காளி பேஸ்ட் ஒரு மேசைக்கரண்டி, மைதா ஒரு மேசைக்கரண்டி, கறி வேகவைத்த தண்ணீரோ ஸ்டாக்கோ 250 மில்லி, வூஸ்டர் சாஸ் ஒரு மேசைக்கரண்டி, ஒரு கைப்பிடி பட்டாணி, கொஞ்சம் தைம் இலை. மசியலுக்கு வெண்ணெய் 60 கிராம், பால் 100 மில்லி.

மின்ஸை நல்ல சூட்டில் தண்ணீர் வற்றிச் சிவக்கும்வரை வதக்கித் தனியே எடுத்து, கொழுப்பை வடித்துவிடுங்கள். அதே சட்டியில் வெங்காயம், கேரட், பிறகு பூண்டு. தக்காளி பேஸ்ட் நிறம் கறுத்து வரும்வரை வதங்க வேண்டும், அப்போதுதான் பச்சை வாசனை போகும். மைதாவைத் தூவிக் கிளறி, மின்ஸைத் திரும்பப் போட்டு, ஸ்டாக், சாஸ், தைம் சேர்த்துச் சிறு தீயில் 25 நிமிடம் வைக்கவும். பட்டாணி கடைசியில். மேலே மசியலைப் பரப்பி 200 டிகிரி ஓவனில் 25 முதல் 30 நிமிடம். ஓரங்களில் குழம்பு கொப்பளித்தால் ஆயிற்று.

பீனிக்ஸிலிருந்து ஒரு தங்கை: அக்கா, நான் செய்தால் உருளைக்கிழங்கு குழம்புக்குள் அமிழ்ந்துவிடுகிறது. மேசைக்கு வரும்போது கூழ் மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?

ஈரம், தங்கச்சி. இந்தப் பதார்த்தத்தில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஈரத்தால்தான். அதனால் இதற்குக் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

கீழே இருக்கும் கறி குழம்பு மாதிரி ஓடக்கூடாது. கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுங்கள். மூன்று எண்ணுவதற்குள் கோடு மூடிக்கொண்டால் இன்னும் வற்ற வேண்டும். கோடு நின்றால் அடுப்பை அணைக்கலாம். அடுத்தது, சுடச்சுட இருக்கும் கறிமேல் மசியலைப் போடாதீர்கள். பாத்திரத்தில் பரப்பி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். ஆறும்போது மேலே லேசாக ஆடை கட்டி இறுகும், அது மசியலைத் தாங்கும்.

கிழங்கிலும் ஈரம் உண்டு. வெந்ததும் தண்ணீரை வடித்துவிட்டு உடனே மசிக்கிறோம் இல்லையா, அங்கேதான் கோட்டை விடுகிறோம். வடித்த கிழங்கை அதே சூடான சட்டியில் போட்டு, சிறு தீயில் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். ஆவி பறந்து, ஓரமெல்லாம் வெளுத்து மாவாக ஆகும். அப்புறம் மசியுங்கள். முதலில் வெண்ணெய், பிறகுதான் சூடான பால். பாலையும் ஒரேயடியாக ஊற்ற வேண்டாம், கிழங்கு கேட்கிற அளவுக்கு மட்டும்.

பரப்பும்போது பாத்திரத்தின் ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவுக்கு வாருங்கள். ஓரம் அடைபட்டால் குழம்பு மேலே பொங்கி வராது. என் அம்மா விரலால் ஓரத்தை அழுத்திவிடுவார், நானும் அப்படித்தான்.

வெருலத்திலிருந்து: மசியல் பசை மாதிரி இழுக்கிறது, ஆன்ட்டி. மிக்ஸியில்தான் அடித்தேன்.

மிக்ஸி வேண்டாம். வேகமாகச் சுழலும் பிளேடு கிழங்கின் செல்களை உடைத்து மாவுச்சத்தை வெளியே கொட்டிவிடும். அதுதான் பசை. கையால் மசிக்கும் மத்து போதும். சூடாக இருக்கும்போதே மசியுங்கள், கட்டி இல்லை என்றதும் நிறுத்துங்கள்.

சேட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு ஐயா: சந்தையில் பத்து கிலோ மூட்டையாக வாங்குகிறோம். அது மசியலுக்கு ஆகும் கிழங்கா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நல்ல கேள்வி, ஐயா. ஒரு பங்கு உப்புக்குப் பதினோரு பங்கு தண்ணீர் கலந்து, அதில் ஒரு கிழங்கைப் போட்டுப் பாருங்கள். மூழ்கினால் மாவுக்கிழங்கு, மசியலுக்கு அருமையாக வரும். மிதந்தால் அது கெட்டிக்கிழங்கு. கறிக்குப் போடுங்கள், உடையாமல் நிற்கும். மாவுச்சத்து அதிகமுள்ள கிழங்கு கனமாக இருப்பதுதான் காரணம். மிதக்கிற கிழங்குதான் கையில் இருக்கிறது என்றால் பாலைப் பாதியாகக் குறையுங்கள்.

லெனேசியாவிலிருந்து: டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு மாறி வந்தோம் அக்கா. அதே கிழங்கு, அதே சட்டி, ஆனால் வேக நேரமாகிறது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

தோன்றல் இல்லை, உண்மைதான். டர்பன் கடல் மட்டம். ஜோஹன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது என்று பார்த்தால் கொதிக்கும், சூடு மட்டும் குறைவு. கிழங்கைச் சிறிதாக, எல்லாம் ஒரே அளவாக வெட்டி, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரிலேயே ஆரம்பியுங்கள். மணியைப் பார்க்க வேண்டாம், கத்தியால் குத்திப் பாருங்கள். குத்தியதும் கிழங்கு தானாகக் கழன்று விழ வேண்டும்.

டோங்காட்டிலிருந்து: இதையே சிலர் காட்டேஜ் பை என்கிறார்களே?

இன்றைய வழக்கில் ஆடு என்றால் ஷெப்பர்ட்ஸ் பை, மாடு என்றால் காட்டேஜ் பை. ஷெப்பர்ட் என்றால் ஆடு மேய்ப்பவர், பெயரிலேயே ஆடு இருக்கிறது. காட்டேஜ் பை என்ற பெயர்தான் மூத்தது, 1791-லேயே எழுத்தில் இருக்கிறது. மற்றது 19-ஆம் நூற்றாண்டில் வந்தது, வெகுகாலம் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு தம்பி: மசாலா போடாமல் மட்டனா? என் வீட்டுக்காரி போடலாம் என்கிறாள், என் அம்மா கூடாது என்கிறார். நீங்கள் சொல்லுங்கள் அக்கா.

இரண்டு பேர் பேச்சையும் கேட்கலாம், தம்பி, ஆனால் ஒரே நாளில் வேண்டாம். அம்மாவுக்குச் செய்யும்போது தைம், மிளகுத்தூள், வூஸ்டர் சாஸ் மட்டும். அந்த மென்மையான ருசிக்குத்தான் குழந்தைகளும் இரண்டாம் தடவை தட்டை நீட்டுவார்கள்.

மசாலா போடும் நாளில் மேலே உள்ள மசியலையும் சேர்த்து மாற்றுங்கள். கீழே காரமான மின்ஸும் மேலே வெறும் வெண்ணெய்க் கிழங்கும் என்றால் இரண்டும் ஒட்டாது. மசாலா ஒன்றரை தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, இஞ்சி. தைமையும் சாஸையும் விட்டுவிடுங்கள். மசியலில் பொடியாக நறுக்கிய தனியா இலை, ஒரு பச்சை மிளகாய், சில சொட்டு எலுமிச்சை. நம் வீடுகளில் செய்யும் பட்டாணி போட்ட மின்ஸ் கறியை ஓவனில் வைத்த மாதிரி இருக்கும். எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் பாதி அது பாதி இது என்று கலந்தால் எதுவும் சரியாக வருவதில்லை.

கேப்டவுனிலிருந்து: இதற்கும் போபோட்டிக்கும் என்ன வித்தியாசம்?

போபோட்டி கேப் மலாய் வீடுகளின் பதார்த்தம். அதன் மேலே முட்டையும் பாலும் அடித்து ஊற்றுவார்கள், கறியில் இனிப்பும் புளிப்பும் இருக்கும். இங்கே மேலே இருப்பது கிழங்கு, கறியில் இனிப்பு இல்லை. மின்ஸும் ஓவனும்தான் பொது.

லேடிஸ்மித்திலிருந்து: ஞாயிறு மத்தியானம் ரோஸ்ட் செய்த ஆட்டுத்தொடை மிச்சம் இருக்கிறது. அதில் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். பழைய முறையே அதுதான், மிஞ்சிய ரோஸ்ட் கறியை வீணாக்காமல் இருக்கத்தான் இதைச் செய்தார்கள். மெஷினில் அரைக்காமல் கத்தியால் பொடியாக நறுக்குங்கள், கடிக்க நன்றாக இருக்கும். கறி ஏற்கெனவே வெந்தது என்பதால் 25 நிமிடக் கொதி வேண்டாம், நார் நாராக வறண்டுவிடும். வெங்காயக் குழம்பைத் தனியே வற்றவைத்து, கடைசியில் கறியைப் போட்டு நன்றாகச் சூடேற்றினால் போதும். ரோஸ்ட் தட்டில் இறங்கிய சாறு இருந்தால் ஸ்டாக்குக்குப் பதில் அதை ஊற்றுங்கள். அதற்கு ஈடு கடையில் கிடைக்காது.

மெரிபாங்க்கிலிருந்து: புரட்டாசி முழுக்க நாங்கள் கறி தொடமாட்டோம். பிள்ளைகள் இதைக் கேட்டு அழுகிறார்கள். சைவத்தில் வருமா அக்கா?

நன்றாகவே வரும், அம்மா. தோலோடு இருக்கும் முழு மசூர்ப் பருப்பு 300 கிராம் எடுத்து, குழையாமல் வேகவைத்து வடித்துவிடுங்கள். குழைந்தால் அது பருப்புக் குழம்புதான். காளான் 250 கிராமைப் பொடியாக நறுக்கி, தண்ணீர் சுண்டும்வரை தனியே வதக்கிச் சேருங்கள். கறியின் கனத்தை அது கொடுக்கும். வேகவைத்த சுகர் பீன்ஸ் (ராஜ்மா மாதிரியான பயறு) ஒரு கிண்ணம் போட்டாலும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வழக்கமான வூஸ்டர் சாஸில் நெத்திலி மீன் இருக்கிறது. விரத நாளில் தெரியாமல் ஊற்றிவிடாதீர்கள், பாட்டில் பின்னால் எழுதியிருப்பதைப் படியுங்கள். அந்தச் சாஸின் புளிப்புக்குப் புளியும் ஒரு காரணம், அதுதான் நம் வீட்டிலேயே இருக்கிறதே. நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு துளி வெல்லம் சேருங்கள், போதும்.

இஸிபிங்கோவிலிருந்து: லோட் ஷெடிங் என்று மின்சாரத்தை நிறுத்தி, ஓவன் பாதியில் நின்றுவிட்டால்?

கறியும் கிழங்கும் முன்பே வெந்தவைதானே, பயப்பட ஒன்றுமில்லை. கேஸ் அடுப்பு இருந்தால் அடி கனமான சட்டியில் அடுக்கி, மூடி, மிகச் சிறு தீயில் பதினைந்து நிமிடம் வையுங்கள். மேலே சிவக்காது, ருசி குறையாது. மூடி உள்ள பிராய் அடுப்பு, அதாவது கறி சுடும் கரி அடுப்பு இருந்தால் இன்னும் நல்லது. கரியை இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் தகரப் பாத்திரத்தை வைத்து மூடினால் அது ஓவன்தான். லேசாகப் புகை வாசனையும் ஏறும். மின்சாரம் இருந்தால்கூட எங்கள் வீட்டில் சில சமயம் இப்படித்தான் செய்யச் சொல்கிறார்கள்.

ஒரு மகள்: அப்பாவுக்குச் சர்க்கரை. கிழங்கைப் பார்த்தாலே ஆசைப்படுகிறார். அவருக்கு மட்டும் தனியாகச் சமைக்க மனம் வரவில்லை.

தனியாக வேண்டாம், ஒரே மேசையில் ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிடட்டும். மேல் மூடியில் பாதிக் கிழங்கு, பாதிக் காலிஃபிளவர். காலிஃபிளவரைத் தண்ணீரில் வேகவைக்காமல் ஆவியில் வேகவைத்து, துணியில் கட்டிப் பிழியுங்கள். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். மூடியை மெல்லியதாகப் பரப்பி, கீழே கேரட்டும் பீன்ஸும் கூட்டிப் போடுங்கள். அப்பாவுக்கு எவ்வளவு ஆகும் என்பதை அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சீஸ் போடலாமா?

கொஞ்சம் போடலாம். கட்டாயமில்லை. மசியலில் ஒரு முட்டை மஞ்சள்கரு கலந்து, முள்கரண்டியால் மேலே வரி வரியாகக் கீறிவிட்டால் சீஸ் இல்லாமலே அந்த மேடுகள் பொன்னிறமாக மொறுமொறுப்பாகும்.

ஸ்டாங்கரிலிருந்து, வேலைக்குப் போகும் ஒரு தங்கை: முதல் நாளே செய்து வைக்கலாமா? மிச்சத்தை எத்தனை நாள் வைக்கலாம்?

முதல் நாள் இரவே அடுக்கி, நன்றாக ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். எங்கள் ஊர் வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்கக்கூடாது. மறுநாள் 180 டிகிரியில் 45 நிமிடம், நடுப்பகுதி ஆவி பறக்கச் சூடாக வேண்டும். கண்ணாடிப் பாத்திரமாக இருந்தால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே சூடான ஓவனுக்குள் தள்ளாதீர்கள், விரிசல் விட்டுவிடும். அரை மணி வெளியே வைத்த பிறகு வையுங்கள்.

மிச்சம் ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும், ஃப்ரீசரில் மூன்று மாதம். ஒரே ஒரு தடவைதான் சூடாக்க வேண்டும், அதனால் ஆளுக்கு ஒரு துண்டாக வெட்டி வையுங்கள். ஆட்டுக்கொழுப்பு ஆறினால் சீக்கிரம் உறைந்து நாக்கில் ஒட்டும். எல்லோரும் கை கழுவி உட்கார்ந்த பிறகே ஓவனைத் திறங்கள்.