மச்சினனின் டார்கெட்டுக்கு உங்கள் கடையில் மானிட்டரா?

கேள்வி: ஐயா, அருப்புக்கோட்டையில் டிடிபி, ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஆறு கம்ப்யூட்டர், ஆறுக்கும் இன்னும் பழைய 17 அங்குல டப்பா மானிட்டர்தான். இரண்டில் திரை மங்கிவிட்டது. சாயங்காலமானால் கண் எரிகிறது. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு 11,400 ரூபாய். ஷோரூமில் வேலை பார்க்கும் என் மச்சினன், 'எல்சிடிக்கு மாறினால் பில் பாதியாகிவிடும் மாமா' என்று சொல்லி, 27 அங்குல வளைந்த திரை மானிட்டர் ஆறு எடுக்கச் சொல்கிறான். ஒன்று 14,000. 12 மாதம், நோ காஸ்ட் இஎம்ஐ. ரொக்கம் என்றால் 12,500. பிராசசிங் கட்டணம் 1,500. வாடகை, கரண்ட் போக மாதம் 36,000 நிற்கும். ஏசி 3,600, இன்வெர்ட்டர் 3,100, டிவி 2,900, போன் 2,400 என்று ஏற்கெனவே தவணை ஓடுகிறது. எல்லாம் அவன் மூலமாக வாங்கியதுதான். வீட்டுச் செலவு 22,000. வேண்டாம் என்றால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். ஆபீஸ்களில் கழித்த 19 அங்குல எல்சிடி இங்கேயே 3,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மானிட்டர் வாங்கலாமா? கடை சிறியதுதான், 2 டன் ஏசி.

பதில்: மானிட்டரை மாற்ற வேண்டியதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் சொல்லும் மானிட்டர் வேண்டாம், அவர் சொல்லும் தவணையும் வேண்டாம்.

முதலில் அந்த 'பில் பாதியாகும்' கதையைப் பார்ப்போம். உங்கள் மானிட்டர் ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். ஆறுக்கு 450 வாட். ஒன்பது மணி நேரம் ஓடினால் நாளுக்கு 4 யூனிட். இரண்டு மாதத்தில் 52 வேலை நாள் என்றால் 210 யூனிட் வரும். கடை கனெக்‌ஷன், யூனிட் சுமார் 10 ரூபாய் என்று வைத்தால் 2,100 ரூபாய். அதாவது ஆறையும் பிடுங்கி வெளியே வைத்தாலும் பில்லில் 2,100தான் குறையும். 11,400 எப்படிப் பாதியாகும்?

மீதி எங்கே போகிறது? சிறிய கடைதான், 2 டன் ஏசி என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது ஓடும்போது சுமார் 2 கிலோவாட். கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடும் என்று கழித்தாலும் நாளுக்கு 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 6,000 ரூபாய்க்கு மேல். பில்லைப் பாதியாக்கச் சொல்லும் அதே ஆள்தான் அந்த ஏசியையும் விற்றிருக்கிறார்!

இப்போது இஎம்ஐ. ரொக்க விலை ஆறுக்கு 75,000. தவணையில் 84,000. மாதம் 7,000. கட்டணம் 1,500, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 270. ஆக 10,770 ரூபாய் கூடுதல். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால் வருட வட்டி 25 சதவீதத்துக்குக் குறையாது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 'நோ காஸ்ட்' என்று பெயரை மாற்றிக்கொண்டு அது இன்னும் கடைக்குக் கடை தொங்குகிறது. உங்கள் கையில் 36,000. பழைய தவணை 12,000, வீட்டுக்கு 22,000 போக 2,000 மிஞ்சுகிறது. அதில் 7,000 கட்டினால் மாதம் 5,000 துண்டு விழும். அதற்கும் ஒரு கடன் வாங்கித்தான் ஆக வேண்டும்.

விஷயம் மானிட்டரில் இல்லை. நான்கு பொருள், நான்கு தவணை, எல்லாம் ஒரே ஆள். உங்களுக்கு எது தேவை என்பதை அவருடைய மாத விற்பனை டார்கெட் முடிவு செய்துகொண்டிருக்கிறது. 'வேண்டாம் என்றால் வீட்டில் முகம் சுளிப்பார்கள்' என்கிறீர்கள். புரிகிறது, மனைவியின் தம்பி. அப்படியானால் டார்கெட் இடிக்கிற மாதம் கையில் ஒரு 1,000 ரூபாய் கொடுத்துவிடுங்கள். உண்மையாகவே அதுதான் மலிவு. கையெழுத்து மட்டும் போடாதீர்கள். ஓடுகிற நான்கில் ஒன்றாவது முடியும்வரை புதுத் தவணை இல்லை என்று வீட்டிலேயே, அவர் எதிரிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, எதை வாங்குவது? பட்டா மனு டைப் அடிக்க வளைந்த திரை எதற்கு? கேம் ஆடுகிற பிள்ளைகளுக்காகச் செய்த சாமான் அது. உங்கள் கம்ப்யூட்டர்களில் பின்னால் விஜிஏ (மானிட்டர் ஒயரைச் சொருகும் பழைய வகை இணைப்பு) மட்டும்தான் இருக்கும். இப்போது வரும் பல மானிட்டர்களில் அது இல்லை. ஆறுக்கும் கன்வெர்ட்டர் தேட வேண்டும். இன்னொன்று, எல்சிடியில் புள்ளிகளின் எண்ணிக்கை நிலையானது. உங்கள் பழைய கம்ப்யூட்டர் அந்த அளவைக் கொடுக்காவிட்டால் எழுத்து மங்கலாகத்தான் தெரியும், திரை எவ்வளவு விலையானாலும். ஆபீஸ்களில் கழித்துக் கட்டிய 19 அங்குலச் சதுர எல்சிடி, விஜிஏ உள்ளது, 1280க்கு 1024 புள்ளி, அது போதும். உங்கள் ஊரிலேயே 3,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏ4 பக்கத்துக்கு அந்தச் சதுரம் நன்றாகவே பொருந்தும். வாங்குமுன் திரையை முழு வெள்ளையாக்கி, அப்புறம் முழுக் கறுப்பாக்கி, கோடோ செத்த புள்ளியோ இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். மூன்று மாத வாரன்டியையாவது பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஆறையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். மங்கிய இரண்டை முதலில், 6,000 ரூபாய் ரொக்கம். மிஞ்சுகிற 2,000-ஐ மூன்று மாதம் சேர்த்தால் போதும். போன் தவணை முடிந்ததும் அந்த 2,400-ஐ இதற்குத் திருப்புங்கள். ஆறும் மாறியபின் மானிட்டர் ஒன்றுக்கு 55 வாட் மிச்சம், மாதம் கிட்டத்தட்ட 770 ரூபாய். ஆறுக்கும் போட்ட 18,000 ரூபாய் சுமார் இரண்டு வருடத்தில் திரும்பிவிடும். அந்த 27 அங்குலம் ஒன்று 30 வாட் இழுத்தால் மாத மிச்சம் 630தான். 84,000-ஐ எடுக்க 11 வருடம் ஆகும்.

கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் கம்ப்யூட்டரைக் கடைசியில் மாற்றுங்கள். டப்பா மானிட்டரில் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. மலிவு எல்சிடியில் தலையைச் சாய்த்தாலே குங்குமச் சிவப்பு வேறு சிவப்பாகிவிடும். அந்த ஒன்றுக்கு மட்டும், தை மாத வேலைக் காசு வந்தபின், ஐபிஎஸ் திரை (சாய்ந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத எல்சிடி வகை) வாங்கலாம்.

கண் எரிச்சலுக்கு இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். டிஸ்ப்ளே செட்டிங்கில் ரிஃப்ரெஷ் ரேட் (நொடிக்கு எத்தனை முறை திரை புதிதாக வரையப்படுகிறது என்பது) 60 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். டப்பா மானிட்டரில் 60 என்றால் திரை மினுக்கும். 75, முடிந்தால் 85 வையுங்கள். அதற்குப் பிறகும் எரிச்சல் நிற்கவில்லை என்றால் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

கழித்த மானிட்டரை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உடைத்தால் உடைக்கிறவருக்குத்தான் கேடு. அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். நீங்களும் பின்மூடியைக் கழற்ற வேண்டாம். கரண்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.